சாவுக் கணக்கு எழுதிய டாக்டர்

பாட்டனாரின் பாட்டனார் பெயர் என்ன? அவர் என்ன தொழில் செய்தார்? எந்த ஊரில் கண்ணை மூடினார்?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் இங்கிலாந்துக்காரர்கள் முதலில் நாடுவது, சர்க்காரின் பிறப்பு - திருமணம் - இறப்புப் பதிவேடுகளைத்தான். 1837-ம் ஆண்டு முதல் பிறந்தவர், மணந்தவர், மாண்டவர் பெயரெல்லாம் அவற்றில் வரிசையாக இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் பழைய பதிவின் நகல் யாருக்கும் கிடைக்கும். "நான் அவருக்குப் பேரன்" என்று நிரூபிக்க வேண்டியது இல்லை.

அந்தப் பதிவேடுகளைப் பேச வைத்தவர், ஒரு பண்ணைக் கூலியின் மகன். அவர் பெயர் வில்லியம் ஃபார்.

ஏழை வீட்டுப் பிள்ளை

ஷ்ராப்ஷயர் ஜில்லாவில் கென்லி என்று ஒரு சிறு கிராமம். அங்கே 1807 நவம்பர் 30-ந் தேதி ஃபார் பிறந்தார். பெற்றோருக்கு அன்றாடச் சாப்பாடே பெரும்பாடு. பக்கத்தில் உள்ள டாரிங்டனில் ஜோசப் பிரைஸ் என்ற செல்வந்தர் இருந்தார். அவர் இந்தப் பையனைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து வளர்த்தார். படிக்க வைத்தார்.

1828-ல் பிரைஸ் இறந்தார். அவர் எழுதி வைத்த உயிலில் ஃபாருக்கு 500 பவுன் இருந்தது. அந்தப் பணம் பையனின் தலையெழுத்தையே மாற்றி விட்டது. ஃபார் பாரிசுக்குப் போய் வைத்தியம் படித்தார். அங்கே லூயி என்ற பெரிய டாக்டர், நோயாளிகளின் கணக்கை எடுத்து, எந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்று சோதித்து வந்தார். எண்ணிப் பார்த்துத்தான் எதையும் நம்ப வேண்டும் என்ற பாடம் ஃபார் மனதில் ஆழமாகப் பதிந்தது.

லண்டனுக்குத் திரும்பி, 1832-ல் வைத்தியம் செய்ய உரிமை பெற்றார். தொழில் சூடு பிடிக்கவில்லை. 1833-ல் கல்யாணம் ஆயிற்று. நான்கே ஆண்டுகளில் மனைவியை க்ஷயரோகம் கொண்டு போய் விட்டது. வருமானம் போதாமல் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார். பெரும்பாலும் நோயும் சாவும் பற்றிய புள்ளிவிவரக் கட்டுரைகள்.

புதிய சட்டம்

அதுவரை இங்கிலாந்தில் மாதா கோவில் புத்தகம்தான் ஆதாரம். அதிலும் ஞானஸ்நானம் செய்த தேதி இருக்கும். பிறந்த தேதி பெரும்பாலும் இருக்காது. சர்க்கார் சபையைச் சேராத கிறிஸ்தவர்கள், யூதர்கள் பெயரை அதில் தேடுவது வீண். சொத்து வழக்கு வந்தால், யார் யாருக்குப் பிள்ளை என்று நிரூபிக்க முடியாமல் குடும்பங்கள் திண்டாடின.

1836-ல் சட்டம் வந்தது. 1837 ஜூலை 1-ந் தேதி முதல் நாடு முழுவதும் பதிவு தொடங்கியது. ஊர் தோறும் ரிஜிஸ்திரார்கள். அவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பதிவுகளின் நகலை லண்டனில் சோமர்செட் மாளிகைக்கு அனுப்ப வேண்டும். அங்கே அகர வரிசையில் அட்டவணை தயாராகும்.

பூட்டி வைப்பதற்காக இந்த அட்டவணையைத் தயாரிக்கவில்லை. பொதுமக்கள் வந்து தேடலாம் என்று சட்டமே சொன்னது. ஒரு பெயரைத் தேட 1 ஷில்லிங். அத்தாட்சி நகலுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். கல்யாணப் பதிவில் மணமக்கள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும். பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். ஒன்றைப் பிடித்தால் அதற்கு முந்திய தலைமுறையைப் பிடித்து விடலாம். வம்சாவளி தேடுவோர் இன்றும் இப்படித்தான் ஒவ்வொரு படியாக ஏறுகிறார்கள்.

இந்த இலாகாவின் முதல் தலைவர் லிஸ்டர் ஒரு நாவலாசிரியர்! கற்பனையில் கல்யாணம் செய்து வைத்தவருக்கு நிஜக் கல்யாணங்களைக் கணக்கு வைக்கும் உத்தியோகம். பதிவு தொடங்கிய சிறிது காலத்தில் அவருடைய ஆபீசில் ஃபாருக்கு வேலை கிடைத்தது. அங்கே அவர் நாற்பது ஆண்டுகள் இருந்தார்.

சாவுக் காரணத்தை ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு பெயரில் எழுதுவார். ஃபார் அவற்றைப் பிரித்து, நோய்களுக்கு ஒழுங்கான பட்டியல் வகுத்தார். எந்த ஊரில், எந்தத் தொழிலில், எந்த வயதில் ஜனங்கள் அதிகமாகச் சாகிறார்கள் என்பது நாட்டுக்கே வெளிச்சமாயிற்று.

வாந்திபேதி வந்தது

1849-ல் இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 53 ஆயிரம் பேரைக் காலரா வாரிக் கொண்டு போயிற்று. ஃபார் சாவுக் கணக்கைத் துருவித் துருவிப் பார்த்தார். தேம்ஸ் நதியை ஒட்டிய பள்ளமான இடங்களில் சாவு அதிகம். மேடான இடங்களில் குறைவு. ஆகவே ஆற்றங்கரையின் கெட்ட காற்றுதான் காரணம் என்று முடிவு கட்டினார். கணக்கு சரி, முடிவு தப்பு.

ஜான் ஸ்னோ என்ற டாக்டர் இதை ஒப்பவில்லை. தண்ணீர்தான் எமன் என்றார். 1854 ஆகஸ்டு கடைசியில் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பாய்ந்தது. ஸ்னோ நேரே பதிவு ஆபீசுக்குப் போய், இறந்தவர்களின் பட்டியலை எடுத்துக் கொள்ள அனுமதி கேட்டார். அவர் சர்க்கார் உத்தியோகஸ்தர் அல்ல. ஃபாரின் கொள்கையை உடைக்க வந்தவர். ஆனாலும் பட்டியல் கிடைத்தது. செப்டம்பர் 2-ந் தேதியோடு முடிந்த வாரத்தில் 89 சாவுகள்.

அந்த விலாசங்களைப் பிடித்துக் கொண்டு ஸ்னோ நடந்தார். அநேகமாக எல்லாச் சாவும் பிராட் தெரு அடிபம்புக்கு அருகில்! செப்டம்பர் 8-ந் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

தெற்கு லண்டனிலும் இதே கதை. இரண்டு கம்பெனிகள் அங்கே தண்ணீர் விற்றன. ஒரு கம்பெனி, ஊரின் சாக்கடை கலக்கும் இடத்தில் ஆற்று நீரை எடுத்தது. மற்றது ஆற்றின் மேல்புறம் போய் எடுத்தது. இறந்தவர் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வந்தது என்று விசாரித்து எழுதும்படி ரிஜிஸ்திரார்களுக்கு ஃபார் உத்தரவு போட்டார். ஸ்னோ தாமே விசாரித்த முதல் நான்கு வாரங்களில் 334 சாவுகள். சாக்கடைத் தண்ணீர் குடித்த வீடுகளில் 286. மற்றக் கம்பெனியின் வீடுகளில் 14.

அப்போதும் ஃபார் முழுவதும் மசியவில்லை. 1858-ல் ஸ்னோ இறந்து போனார்.

விலாங்கு மீன்

1866-ல் காலரா மறுபடி வந்தது. கிழக்கு லண்டனில் மட்டும் சாவு மளமளவென்று ஏறியது. அந்தப் பகுதி முழுவதும் ஒரே கம்பெனியின் தண்ணீர் என்பதை ஃபார் கண்டார். வடிகட்டித்தான் தருகிறோம் என்று கம்பெனி சாதித்தது. வீட்டுக் குழாயில் விலாங்கு மீன் வந்து விழுந்தது. வடிகட்டியில் விலாங்கு நுழையுமா? மூடாத குளத்துத் தண்ணீர் கலந்த குட்டு வெளிப்பட்டது.

ஃபார் தம் பழைய கொள்கையை மாற்றிக் கொண்டு, தண்ணீரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி அறிக்கை எழுதினார். தாம் அச்சில் எழுதியதைத் தாமே அடித்துத் திருத்தும் துணிவு பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு அடிக்கடி வருவது இல்லை.

கிடைக்காத பதவி

1879-ல் இலாகாத் தலைவர் பதவி காலியாயிற்று. ஃபாருக்குத்தான் என்று பலரும் எண்ணினார்கள். வந்தவரோ ஒரு பிரபு, வெளி ஆள். ஃபார் மனம் உடைந்து வேலையை விட்டார். 1883 ஏப்ரல் 14-ந் தேதி லண்டனில் காலமானார்.

சோமர்செட் மாளிகையில் இருந்த அட்டவணைகள் 1970-களில் வேறு கட்டிடத்துக்குப் போயின. 2007 வரை ஜனங்கள் கனத்த புத்தகங்களைத் தூக்கி வைத்துப் புரட்டினார்கள். பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்து விட்டது.

ஃபாரின் பிறப்பை அதில் தேடினால் கிடைக்காது. பதிவு தொடங்குவதற்கு முப்பது ஆண்டு முன்னே பிறந்தவர் அவர். அவருடைய சாவைத் தேடுவோர் 1883 ஏப்ரல் - ஜூன் அட்டவணையைப் பார்க்க வேண்டும்.