புழுவின் வீட்டை வரைந்தவர்

1699ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து சூரினாமுக்குப் புறப்பட்ட கப்பலில் 52 வயதுப் பெண் ஒருவர் ஏறினார். துணைக்கு 21 வயதான அவருடைய இளைய மகள். எந்த அரசாங்கமும் அவரை அனுப்பவில்லை. தம் ஓவியங்களில் 255ஐ விற்றுச் சொந்தச் செலவில் கிளம்பியிருந்தார். புறப்படுமுன் உயிலும் எழுதி வைத்தார். தென் அமெரிக்காவின் வடகரையில் இருந்த அந்த டச்சுக் குடியேற்றத்துக்கு ஐரோப்பியர்கள் பெரும்பாலும் சர்க்கரைக்காகவே போனார்கள். மரியா சிபில்லா மெரியன் போனது புழு பூச்சிகளைப் பார்க்க.

மெரியன் 1647இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற செப்புத்தகட்டு ஓவியர்; மகளுக்கு மூன்று வயதானபோது இறந்துவிட்டார். தாயார் மறுமணம் செய்துகொண்டவரும் ஓவியர்தான். மலர்களை வரைவதில் வல்லவரான அவரிடம்தான் மெரியன் தூரிகை பிடிக்கப் பழகினார். 13 வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். பிறகு தோட்டத்தில் அகப்பட்ட கம்பளிப்புழுக்களையெல்லாம் பெட்டிகளில் போட்டு வளர்த்தார்.

பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகிய பொருள்களிலிருந்தும் தாமாகவே தோன்றுகின்றன என்று கற்றவர்கள்கூட நம்பிய காலம் அது. மெரியன் அவர்களோடு வாதாடப் போகவில்லை. எந்தப் புழு எந்த இலையைத் தின்கிறது, என்றைக்குக் கூடு கட்டியது, எத்தனை நாள் கழித்து வெளியே வந்தது என்று குறித்து வைத்தார். கூட்டுப்புழுவை அவர் பேரீச்சங்கொட்டை என்றும், வண்ணத்துப்பூச்சியைக் கோடைப் பறவை என்றும் அழைத்தார். சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு ஈக்கள் வந்தன. ஏமாற்றமாக இருந்தாலும் அதையும் எழுதி வைத்தார். ஒரு பூச்சியின் உடலுக்குள் இன்னொரு பூச்சி ஒட்டுண்ணியாக வளரும் என்பது இன்று பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி.

1679இல் 50 படங்களுடன் வெளிவந்த அவருடைய கம்பளிப்புழு நூலைப் பிற பூச்சி நூல்களிலிருந்து வேறுபடுத்துவது பக்கத்தின் அமைப்புதான். மற்றவர்கள் செத்த பூச்சிகளை ஊசியில் குத்தி வரிசையாக வைத்து வரைந்தார்கள். மெரியனின் பக்கத்தில் ஒரு செடி இருக்கும். அதில் முட்டை, புழு, கூடு, சிறகு விரித்த பூச்சி எல்லாம் ஒன்றாக இருக்கும். இலைகளில் கடித்த ஓட்டைகளும் இருக்கும். மலர் ஓவியம் வாங்குபவர்களுக்கு ஓட்டை விழுந்த இலை பிடித்திருக்குமா என்பது வேறு விஷயம். நமக்கு அது பூச்சி அரித்த செடி. அந்தப் புழுவுக்கோ அது வீடு, சாப்பாடு, உலகம். உயிரினத்தை அதன் சூழலோடு சேர்த்துப் பார்க்கும் துறைக்குச் சூழலியல் என்ற பெயர் வர இன்னும் ஏறக்குறைய இரு நூற்றாண்டு இருந்தது.

கணவரைப் பிரிந்து, சில ஆண்டுகள் ஒரு சமயக் குழுவுடன் வாழ்ந்து, 1691இல் மெரியன் இரு மகள்களுடன் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார். அங்கே செல்வந்தர்களின் வீடுகளில் வெப்பமண்டலப் பூச்சிகள் குவிந்திருந்தன. அவை எதைத் தின்றன, எதிலிருந்து உருமாறின என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் அந்தக் கடற்பயணம்.

சூரினாமில் தோட்ட முதலாளிகள் அவரைக் கேலி செய்தார்கள். கரும்பைத் தவிர வேறு எதைத் தேடுகிறாள் இந்தப் பெண் என்பது அவர்களுடைய கேள்வி. அவருக்கு வழிகாட்டியவர்கள் வேறு ஆட்கள்: அந்த மண்ணின் பூர்வகுடியினரும், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளும். முள் அடர்ந்த காட்டில் கோடரியால் வெட்டி அவருக்குப் பாதை அமைத்தது அடிமைகள். பூச்சிகளைப் பிடித்து வந்து கொடுத்ததும் அவர்களே. மரவள்ளிக் கிழங்கின் சாறு நஞ்சு, துருவிப் பிழிந்த பிறகுதான் ரொட்டி சுட வேண்டும் என்பதையும், எந்த விதையை ஊறவைத்தால் உடலில் பூசச் சிவப்புச் சாயம் கிடைக்கும் என்பதையும் அவர் உள்ளூர் மக்களிடம் கற்று எழுதினார்.

1705இல் டச்சு, லத்தீன் மொழிகளில் வெளிவந்த சூரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய நூலில் 60 படங்கள் உள்ளன. அதில் 45ஆவது படத்தில் இருப்பது மயில்கொன்றை. நம் பூங்காக்களிலும் வீவக புளோக்குகளின் ஓரத்திலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் அதே செடி. படத்தில் அதன் இலையைப் புழு தின்கிறது. பக்கத்தில் உள்ள குறிப்போ பூச்சியோடு நிற்கவில்லை. எசமானர்களின் கொடுமை தாங்காத அடிமைப் பெண்கள், தம் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாது என்பதற்காக, இந்தச் செடியின் விதையைத் தின்று கருவைக் கலைத்துக்கொள்கிறார்கள் என்று மெரியன் எழுதுகிறார். சிலர் உயிரையே மாய்த்துக்கொள்கிறார்கள், செத்தால் சொந்த மண்ணில் விடுதலையோடு மறுபடி பிறப்போம் என்று நம்புகிறார்கள் என்கிறார். அதை அந்தப் பெண்களே தம்மிடம் சொன்னதாகவும் பதிவு செய்கிறார்.

ஓர் இயற்கை நூலில் இப்படி ஒரு பக்கத்தை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தோட்ட முதலாளியிடம் எந்தப் பெண்ணும் வாய் திறந்து சொல்லக்கூடிய செய்தியா அது? புழுவுக்கு எந்த இலை என்று கேட்கப் போனவரிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் மெரியனின் வேலைகளைச் செய்தவர்களும் அடிமைகள்தான். அடிமை முறையே கூடாது என்று அவர் எழுதவில்லை. 1701இல் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பியபோது பூர்வகுடிப் பெண் ஒருவரையும் கப்பலில் உடன் அழைத்து வந்தார். அந்தப் பெண்ணின் பெயரோ மற்றவர்களின் பெயர்களோ நூலில் இல்லை. பூச்சிகளைத் தேதி வாரியாகக் குறித்து வைத்தவர் மனிதர்களின் பெயர்களை ஏன் விட்டார் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை.

நூலில் பிழைகளும் உண்டு. விளக்குப்பூச்சி என்ற பூச்சியின் தலை இரவில் ஒளிர்வதாக எழுதினார், அது ஒளிர்வதில்லை. கொய்யாக் கிளையில் பெரிய சிலந்தி ஒன்று தேன்சிட்டு போன்ற குட்டிப் பறவையைத் தின்பதாக வரைந்த 18ஆவது படத்தை, 19ஆம் நூற்றாண்டில் சிலர் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். சூரினாமுக்கே போகாதவர்களும் அவர்களில் உண்டு. 1863இல் வெளியான தம் நூலில் ஹென்றி வால்டர் பேட்ஸ், அமேசான் காட்டில் சிலந்தியிடம் சிக்கிய சிறு பறவைகளைக் கண்டதாக எழுதிய பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. லின்னேயஸ் அதற்கு முன்பே, 1758இல், அந்தச் சிலந்திக்குப் பறவையைக் குறிக்கும் லத்தீன் பெயரைச் சூட்டியிருந்தார்.

மெரியன் 1717 ஜனவரி 13ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். கையில் பணம் மிஞ்சவில்லை. ஏறக்குறைய அதே நாள்களில் ரஷ்யப் பேரரசர் மகா பீட்டருக்காக அவருடைய ஓவியங்கள் பெருமளவில் வாங்கப்பட்டன. சூரினாமுக்குத் துணையாகப் போன மகள் டோரோத்தியா மரியா, கணவருடன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று பேரரசரின் அருங்காட்சியகத்தில் ஓவியராகப் பணியாற்றினார். 13 வயதில் பார்த்த பட்டுப்புழுவில் தொடங்கும் மெரியனின் ஆய்வுக் குறிப்பேடு இன்றும் அந்த நகரில்தான் இருக்கிறது.