உடைந்த ஃபோர்க், அணையாத உலை: பட்டம் வெல்லாமலேயே நிலைத்துவிட்ட யூஜின் கிறிஸ்டோஃப் யார்?

இன்றைக்கு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஒரு வீரரின் சைக்கிள் உடைந்தால் பெரிய பிரச்சினை இல்லை. பின்னாலேயே வரும் காரின் கூரையில் மாற்று சைக்கிள் தயாராக இருக்கும். சில விநாடிகளில் ஏறி உட்கார்ந்து போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமையே வேறு. சைக்கிள் உடைந்தால் ஓட்டுகிறவர்தான் சரிசெய்ய வேண்டும். வேறு யாரும் ஒரு கை கொடுத்தால்கூட தண்டனை உண்டு.

அந்த விதியின் முழுக் கொடுமையையும் அனுபவித்தவர் யூஜின் கிறிஸ்டோஃப். டூர் டி பிரான்ஸை ஒருமுறைகூட வெல்லாதவர். ஆனாலும் வென்ற பலரைவிட இவர் பெயர்தான் இன்றும் பேசப்படுகிறது. ஏன்?

பூட்டுத் தொழிலாளி வீரரானது எப்படி?

1885-ல் பாரிஸை ஒட்டிய மாலக்காஃப் பகுதியில் பிறந்தவர் கிறிஸ்டோஃப். சின்ன வயதில் பூட்டு செய்யும் பட்டறையில் தொழில் பழகினார். இரும்பைக் காய்ச்சுவது, அடிப்பது, அரம் போடுவது எல்லாம் அங்கே கற்றதுதான். இந்தக் கைத்தொழில் ஒருநாள் மலையடிவாரத்தில் தன்னைக் காப்பாற்றும் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

1906-ல் முதன்முறையாக டூர் டி பிரான்ஸில் ஓடினார். 1910-ல் இத்தாலியின் மிலன் - சான் ரெமோ பந்தயம்தான் அவரை ஊரறிய வைத்தது. துர்கினோ கணவாயில் பனி கொட்டியது. 60-க்கும் மேற்பட்டோர் கிளம்பிய பந்தயத்தில், முடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குளிரில் விறைத்துப்போன கிறிஸ்டோஃப் வழியில் ஒரு விடுதியில் ஒதுங்கி, உடம்பைச் சூடேற்றிக்கொண்டு மறுபடி கிளம்பினார். 12 மணி நேரத்துக்கும் மேல் ஓட்டி முதலிடம் பிடித்தார். அதற்குக் கொடுத்த விலை, ஒரு மாத மருத்துவமனை வாசம்.

1912 டூரில் அடுத்தடுத்து 3 கட்டங்களில் வென்றார். ஆனால் அப்போது நேரத்தை வைத்து அல்ல, புள்ளிகளை வைத்துத்தான் பட்டம். பெல்ஜியத்தின் ஓடில் டெஃப்ரே முந்திக்கொண்டார். கிறிஸ்டோஃபுக்கு 2-ம் இடம். அடுத்த ஆண்டே நேரக் கணக்கு திரும்பி வந்தது. இந்த முறை விட மாட்டார் என்றுதான் பிரான்ஸே எதிர்பார்த்தது.

1913-ல் டூர்மலேயில் என்ன நடந்தது?

பயோன் நகரிலிருந்து லூஷோன் வரை 326 கி.மீ. நடுவே பிரனீஸ் மலைத்தொடரின் கணவாய்கள். தார் ரோடு கிடையாது, கல்லும் மண்ணும்தான். இப்போது இருப்பதைப் போல ஓடும்போதே கியர் மாற்றும் வசதியும் கிடையாது.

முந்தைய சாம்பியன் டெஃப்ரே அன்று மிகவும் பின்தங்கிவிட்டார். 2,115 மீட்டர் உயர டூர்மலே உச்சியை, முன்னே சென்ற பிலிப் திஸ்ஸுக்குச் சற்றுப் பின்னால் கடந்தார் கிறிஸ்டோஃப். மொத்தக் கணக்கில் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இறக்கத்தில் இறங்கும்போதுதான் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்தது. அவ்வளவுதான், எல்லாம் போச்சு.

வேறு யாராக இருந்தாலும் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். அவரோ சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பத்து கிலோமீட்டருக்குக் குறையாத நடை. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். கடைசியில் சென்ட் மரி டி காம்பான் என்ற சிற்றூரில் ஒரு கொல்லர் பட்டறை கிடைத்தது.

கொல்லர் உதவத் தயார். ஆனால் விதி விடாதே! கூடவே வந்த போட்டி அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று கண்காணித்தார்கள். பழைய பூட்டுத் தொழிலாளி தானே இரும்பை உலையில் காய்ச்சினார், தானே அடித்தார், தானே பொருத்தினார். இரண்டு கையும் வேலையில் இருக்க, துருத்தி ஊத மட்டும் ஒரு சிறுவன் உதவினான். அதற்கும் தண்டனை விழுந்தது. 10 நிமிடம் என்று முதலில் விதித்து, பிறகு 3 நிமிடமாகக் குறைத்தார்கள்.

நடையும் வேலையுமாகச் சேர்ந்து சுமார் 4 மணி நேரம் போய்விட்டது. அதற்குப் பிறகும் அஸ்பின், பெய்ரெசூர்த் என்று இரண்டு கணவாய்கள் பாக்கி. ஏறி இறங்கி லூஷோன் போய்ச் சேர்ந்தார். பட்டம் திஸ்ஸுக்குப் போனது. இவ்வளவு நேரத்தை இழந்தும் பாரிஸில் கிறிஸ்டோஃப் பிடித்தது 7-ம் இடம்.

மஞ்சள் சட்டை முதலில் யாருக்கு?

அடுத்து முதல் உலகப்போர். 1915 முதல் 1918 வரை டூர் நடக்கவில்லை. ஒரு வீரரின் நல்ல வயதெல்லாம் அதிலேயே கரைந்தது. 1919-ல் மறுபடி தொடங்கியபோது அவருக்கு 34 வயது. முன்னிலையில் இருப்பவரைக் கூட்டத்தில் அடையாளம் காண மஞ்சள் சட்டை கொடுக்கலாம் என்று அமைப்பாளர்கள் முடிவெடுத்தார்கள். பந்தயத்தை நடத்திய லோட்டோ பத்திரிகை அச்சான தாளின் நிறமும் மஞ்சள்தான். அந்த ஜூலை 19-ம் தேதி கிரெநோபிள் நகரில் அதை முதலில் அணிந்தவர் கிறிஸ்டோஃப்.

பட்டத்துக்கு இன்னும் இரண்டே கட்டங்கள். ஏறக்குறைய அரை மணி நேரம் முன்னிலை. மெட்ஸ் - டன்கர்க் இடையே 468 கி.மீ. தூரக் கட்டத்தில், வலன்சியென் அருகே கல் பாவிய சாலையில் மறுபடியும் அதே ஃபோர்க் உடைந்தது. மறுபடியும் ஒரு பட்டறை, மறுபடியும் தானே செய்த வேலை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் போனது. ஃபிர்மின் லாம்போ வென்றார், கிறிஸ்டோஃபுக்கு 3-ம் இடம்.

இந்த முறை மக்களுக்கு மனசு கேட்கவில்லை. பத்திரிகை வழியாக நிதி திரட்டினார்கள். ஏழைகளும் சில்லறை அனுப்பினார்கள். சேர்ந்தது 13,000 ஃபிராங்குக்கு மேல். வென்றவருக்குக் கிடைத்த பரிசைவிட அதிகம்!

1922-ல் 37 வயதில் மீண்டும் மஞ்சள் சட்டை அணிந்தார். அந்த வயதில் டூரில் முன்னிலை வகித்தவர் வேறு யாரும் இல்லை. ஆனால் ஆல்ப்ஸின் கலிபியே இறக்கத்தில் மூன்றாவது முறையாக ஃபோர்க் உடைந்தது. அப்போதும் விலகவில்லை, பாரிஸ் வரை ஓட்டி முடித்தார். 1925-ல், 40 வயதில் கடைசி டூரையும் ஓடி முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

இன்று என்ன மிச்சம்?

தன் சைக்கிளைத் தானே சரிசெய்ய வேண்டும் என்ற விதி பின்னாளில் தளர்ந்தது. காலை மிதிகட்டையோடு பிணைக்கும் டோ கிளிப்புகளில் கிறிஸ்டோஃப் என்ற பெயர் பல பத்தாண்டுகள் பொறிக்கப்பட்டு வந்தது. 1970-ல் பாரிஸில் 85 வயதில் அவர் காலமானார்.

டூர்மலே ஏறப் போகும் சைக்கிள்காரர்கள் இன்றும் சென்ட் மரி டி காம்பானில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். அந்தப் பட்டறை இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. ஊரில் அவருக்குச் சிலையும் உண்டு. கோப்பையோடு அல்ல, உடைந்த ஃபோர்க்கோடு.