குடிகளை எண்ணிய பெரியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம்

ஈழநாடு ஈன்ற பெரியார்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் நாமத்தை அறியாதார் நம்மவருள் இலர். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் தலைவர் என்றும், பல்கலைக்கழக இயக்கத்தின் முன்னோடி என்றும், சைவத் தமிழின் பெருமையை ஆங்கிலத்திலே எடுத்துக் காட்டிய அறிஞர் என்றும் அவரை மேடைதோறும் போற்றி வருகின்றோம். ஆயினும் அன்னாருடைய அரச சேவையின் பெரும்பகுதி எண்களோடு கழிந்தது. பிறந்தோர் எத்தனை பேர், இறந்தோர் எத்தனை பேர், எழுத வாசிக்கத் தெரிந்தோர் எத்தனை பேர், அவர் எவ்வினத்தார், எவ்வூரார் என்று இந்நாட்டுக் குடிகளை எண்ணுவித்தவர் அவர். அவர் வாழ்வின் இப்பகுதியைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. ஆகையால் இம்மலரிலே அதனையே சிறப்பாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாம் பயின்ற மிஷன் பாடசாலையின் அனுமதிப் புத்தகத்திலே சமயத்துக்கு ஒரு நிரலும் இனத்துக்கு ஒரு நிரலும் இருந்தன. பிறப்புச் சான்றிதழிலும் பெற்றோரின் இனம் எழுதப்பட்டிருக்கின்றது. இவ்வாறு மக்களை இனவாரியாக எழுதி வைப்பது நன்மையா தீமையா என்ற வாதம் எம்போன்ற மாணவரிடையே அடிக்கடி எழுகின்றது. நன்மை என்பாரும் தீமை என்பாரும் இப்பெரியாரின் வாழ்க்கையை ஒருமுறை நோக்குதல் நலம்.

பிறப்பும் கல்வியும்

யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்திலே, கேற் முதலியார் பொன்னம்பலம் அவர்களுக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் மூன்றாவது புதல்வராக, 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் திகதி அருணாசலம் அவர்கள் கொழும்பிலே பிறந்தார். மூத்த தமையனார் குமாரசுவாமி. இளைய தமையனார் பின்னாளிற் புகழ்பெற்ற சேர் இராமநாதன். சேர் முத்துக்குமாரசுவாமி இவர்களுக்குத் தாய்மாமன். தந்தையார் கொழும்புக் கொச்சிக்கடையிலே சிவாலயம் எழுப்பிய அடியார். செல்வமும் கல்வியும் சிவபத்தியும் ஒருங்கே பொருந்திய இல்லம் அது.

பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியிலே பயின்று, பரிசில் பெற்று, இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கிறைஸ்ட் கல்லூரியிலே சேர்ந்தார். அங்கே கணிதத்தையும் பண்டைய கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களையும் கற்றார். எட்வேட் காப்பென்ரர் என்னும் ஆங்கில அறிஞரோடு அங்கு ஏற்பட்ட நட்பு இறுதிவரை நிலைத்தது. 1875ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தில் நடைபெற்ற போட்டிப் பரீட்சையிலே தேறி, அவ்வழியாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் என்னும் பெருமையைப் பெற்றார்.

பதிவாளர் நாயகம்

நாடு திரும்பிய அருணாசலம் அவர்கள் பல ஊர்களிலே நீதிபதியாக அமர்ந்து நேர்மையாற் சிறந்து விளங்கினார். அவருடைய ஆற்றலை அறிந்த தேசாதிபதி சேர் ஆதர் கோடன், 1880களின் பிற்பகுதியிலே, சேவையில் மூத்தவர் பலர் இருக்கவும் அவரைப் பதிவாளர் நாயகம் என்னும் உயர்பதவிக்குத் தெரிந்தெடுத்தார். சுதேசி ஒருவர் இவ்வாறு உயர்த்தப்பட்டதைக் கண்டு முணுமுணுத்தோர் உளர். அருணாசலம் அவர்கள் தம் வேலையினாலேயே அவர்களுக்கு விடையிறுத்தார்.

பிறப்பு, இறப்பு, விவாகம், காணி உறுதி ஆகியவற்றைப் பதிவு செய்வது அத்திணைக்களத்தின் கடமை. அவர் அதனைச் சீர்திருத்தினார். பிறப்பு இறப்புப் பதிவுக்கான 1895ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அவர் காலத்திலே பிறந்தது. ஆண்டுதோறும் அவர் வெளியிட்ட அறிக்கைகள் வெறும் தொகைப் பட்டியல்களாக அமையாமல், மக்கள் வாழ்வையும் சாவையும் விளக்கும் கட்டுரைகளாக விளங்கின.

எண் எவ்வாறு பேசுகின்றது என்பதை இளைஞர்கள் இங்கே கவனித்தல் வேண்டும். ஓரூரிலே நூறு பேர் இறந்தனர் என்றாற் போதுமா? அவ்வூரில் வாழ்ந்தோர் இரண்டாயிரம் பேரா, இருபதினாயிரம் பேரா என்று தெரிந்தாலன்றோ அது சிறு தொகையா பெருந் தொகையா என்று சொல்லலாம்? அவ்வாறே, ஒரு பாடசாலையிலே ஐம்பது பெண்பிள்ளைகள் படிக்கின்றனர் என்பது, அவ்வூரில் பள்ளி செல்லும் வயதுடைய பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று அறியும்வரை, பொருளற்ற செய்தியாகும். பதிவுப் புத்தகம் ஒரு பாதி. குடிசன மதிப்பு மறு பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதே எந்தப் பிரிவாரிடையே சிசுக்கள் மிகுதியாக இறக்கின்றன, எந்தப் பிரிவார் எழுத்தறிவின்றி இருக்கின்றனர் என்பது வெளியாகும். இவ்விரு பாதிகளும் அருணாசலம் என்னும் ஒருவர் கையிலே வந்து சேர்ந்தமை நம் நாட்டின் நற்பேறு.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு

இந்நாட்டின் முதலாவது நவீன குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டிலே எடுக்கப்பட்டது. அப்போது மக்கட்டொகை 2,400,380. நான்காவது மதிப்பு 1901ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடைபெற்றது. அதற்கு அத்தியட்சகராக அமர்ந்தவர் அருணாசலம் அவர்கள். மலைநாட்டுத் தோட்ட லயங்களிலும், கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளிலும், வன்னிக் காட்டுக் கிராமங்களிலும் வாழ்ந்த யாவரும் எண்ணப்பட்டனர். தென்னாபிரிக்கப் போரிலே பிடிக்கப்பட்டுத் தியத்தலாவையில் அடைக்கப்பட்டிருந்த போவர் கைதிகள் ஏறக்குறைய 5,000 பேரும் அப்போது இந்நாட்டில் இருந்தனர்.

கணக்கின்படி நாட்டின் குடிகள் 3,565,954 பேர். அவருள் சிங்களவர் 2,330,807, தமிழர் 951,740, சோனகர் 228,034, பறங்கியரும் யுரேசியரும் 23,482, மலாயர் 11,902. ஐரோப்பியரும் வேடரும் பிறரும் எஞ்சியோர். சிங்களவர் கரைநாட்டார் 1,458,320 என்றும் கண்டி நாட்டார் 872,487 என்றும் பிரித்து எழுதப்பட்டனர். அறிக்கை நான்கு பெருந் தொகுதிகளாக 1902ஆம் ஆண்டிலே வெளிவந்தது. இலங்கையின் சரித்திரத்தையும், சமயங்களையும், மக்களின் வழக்கங்களையும் அதிலே விரித்துரைத்தமையால், அரசாங்க அறிக்கை ஒன்றை இலக்கியம்போற் படிக்கலாம் என்று கற்றோர் வியந்தனர்.

அவ்வட்டவணைகளுள் எம் நெஞ்சைத் தொடுவது எழுத்தறிவு பற்றிய அட்டவணையே. ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 42 பேர் எழுத வாசிக்க அறிந்திருந்தனர். பெண்களிலோ நூற்றுக்கு 8.5 பேர் மாத்திரமே. இருபது ஆண்டுகளுக்கு முன், 1881ஆம் ஆண்டிலே, அது 3.1 ஆக இருந்தது. நம் பாட்டிமாரின் பாட்டிமார் எந்நிலையில் வைக்கப்பட்டிருந்தனர் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கம் எடுத்துரைக்கும்?

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. 1871ஆம் ஆண்டிலே மக்கள் 24 இனங்களாகவும் 78 தேசியங்களாகவும் எழுதப்பட்டனர். 1881ஆம் ஆண்டிலே இனங்கள் ஏழாகக் குறைந்தன. 1901ஆம் ஆண்டிலே சிங்களவர் இரு பிரிவாயினர். தமிழரோ ஒரே தொகையாக நின்றனர். 1911ஆம் ஆண்டிலே அடுத்த அத்தியட்சகர் டென்ஹாம் துரை தமிழரையும் இரண்டாக்கினார்: இலங்கைத் தமிழர் 528,024, இந்தியத் தமிழர் 530,983. பத்தாண்டுக்குள்ளே மக்கள் மாறவில்லை, அட்டவணையே மாறிற்று. நிரல்களைப் படைப்பவன் ஆண்டவனல்லன், அலுவலகத்தில் இருக்கும் மனிதனே என்பதை இதனால் அறிகின்றோம்.

எண்களிலிருந்து தொண்டுக்கு

1912ஆம் ஆண்டிலே நிருவாக சபையில் இடம்பெற்ற அருணாசலம் அவர்கள் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். சேர் பட்டமும் கிடைத்தது. அறுபது வயதிலே சாய்வு நாற்காலியில் அமர்ந்து இளைப்பாறியிருக்கலாம். அவ்வாறு அவர் செய்தாரல்லர். அட்டவணையிலே தாம் கண்ட குறைகளை நாட்டிலே தீர்க்கப் புறப்பட்டார் என்றே நாம் கருதுகின்றோம்.

எழுத்தறிவையும் கல்வி நிலையையும் எண்ணிக் கண்டவர், இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906ஆம் ஆண்டிலேயே சங்கம் அமைத்து உழைத்தவர். அதன் முதற் கனியாகப் பல்கலைக்கழகக் கல்லூரி 1921ஆம் ஆண்டு கொழும்பிலே திறக்கப்பட்டது. நோயையும் சாவையும் எண்ணியவர் 1915ஆம் ஆண்டிலே சமூக சேவைக் கழகத்தைத் தாபித்து, கொழும்பு ஏழைகளின் கல்விக்கும் மருத்துவத்துக்கும் வழி தேடினார். தோட்டத் தொழிலாளரின் தொகையை எண்ணியவர் 1919ஆம் ஆண்டிலே தொழிலாளர் நலச் சங்கத்தை நிறுவி, கடனாலும் துண்டு முறையாலும் அடிமைபோற் கட்டுண்டு கிடந்த அம்மக்களுக்காக வாதாடினார். துண்டு முறை 1921ஆம் ஆண்டிலே ஒழிந்தது. அவர்கள் தம்மூராருமல்லர், தம் வகுப்பினருமல்லர். எனினும் அவர்களுக்காக உழைத்தார். இதுவன்றோ சிவதொண்டு!

எண்ணிக்கை பங்காக மாறியபோது

எல்லா இனத்தவரும் ஒன்றுபட்டு நின்றாலே நாடு விடுதலை பெறும் என்று நம்பிய அவர், 1917ஆம் ஆண்டிலே சீர்திருத்தச் சங்கத்தையும், 1919ஆம் ஆண்டு டிசெம்பரிலே தேசிய காங்கிரசையும் உருவாக்குவதில் முன்னின்றார். சிங்களத் தலைவர்களும் அவரையே முதல் அக்கிராசனராக ஏற்றனர். ஆனால் சட்டநிரூபண சபையிலே ஆசனங்களைப் பகிரும் வேளை வந்தது. மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் அளிக்க உதவுவதாக முன்னர் கொடுக்கப்பட்ட வாக்கு காப்பாற்றப்படவில்லை. 1921ஆம் ஆண்டிலே மனம் நொந்து காங்கிரசை விட்டு விலகினார். 1923ஆம் ஆண்டிலே தமிழர் மகாசன சபையிலிருந்து வேறாய், இலங்கைத் தமிழர் லீக் என்னும் அமைப்பைத் தொடங்கினார்.

எந்த எண்களைக் குறை காண்பதற்கென அவர் சேர்த்தாரோ, அவ்வினத் தொகைகளே பின்னர் பங்கு கேட்பதற்கும் பங்கு மறுப்பதற்கும் கருவியாயின. அவர் மறைந்த பின்னும் அது தொடர்ந்தது. 1911ஆம் ஆண்டில் தனி நிரலாகப் பிரிக்கப்பட்ட இந்தியத் தமிழருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினாலே நாடற்றவராயினர். 1971ஆம் ஆண்டிலே, குடித்தொகை விகிதத்துக்கு மிகுதியாகத் தமிழர் உயர்கல்வி பெறுகின்றனர் என்று காட்டி, மருத்துவம் பயிலத் தமிழ்மொழி மூலம் எழுதிய மாணவனுக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூலம் எழுதியவனுக்கு 229 புள்ளிகளும் வேண்டுமென வகுத்தனர். அக்காயம் எத்துணை ஆழமானது என்பதை இச்சபை மூத்தோர் நன்கறிவர்.

ஆயினும் நியாயத்தின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. சில ஆண்டுகளின் பின் வந்த மாவட்ட ஒதுக்கீட்டினாலே வசதி குன்றிய மன்னார், வவுனியா மாவட்டப் பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழகக் கதவு திறந்தது. இனத்தைப் பார்த்து அளப்பது வேறு, குறையைப் பார்த்து அளப்பது வேறு. மலையகத்துச் சிசு மரணமும் எழுத்தறிவின்மையும் நாட்டின் சராசரியிலும் கூடியவை என்பதைப் பல காலம் எடுத்துக் காட்டி, மருத்துவமும் பாடசாலையும் அங்கே செல்ல வேண்டுமென்று கேட்க உதவியவையும் அதே அட்டவணைகள்தாம். அந்நிரல் இல்லாதிருந்தால் அத்துயரம் நாட்டுச் சராசரிக்குள் மறைந்தே போயிருக்கும். போரினாலே 1981க்குப் பின் 2012வரை வடக்கும் கிழக்கும் முழுமையாக எண்ணப்படவில்லை. எண்ணப்படாத மக்களுக்கு எத்தனை வைத்தியசாலை, எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று எவரால் நிறுவிக் கேட்க முடிந்தது?

இளைஞர் கடன்

ஆகவே நிரலைக் கிழித்தெறிவதனாற் குறை தீராது. அந்நிரலை யார் எழுதுகின்றார், எதற்காக எழுதுகின்றார், எழுதியதை யார் காக்கின்றார் என்று கேட்பதே அறிவுடைமை. பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கவும் நோயாளிக்கு மருந்து கொடுக்கவும் இனம் ஒரு நிபந்தனையாகுமாயின் அது தீது. எவர் விடுபட்டார் என்று பின்னர் கூட்டிப் பார்க்க உதவுமாயின் அது நன்று. தன் இனத்தைத் தானே சொல்லும் உரிமையும், சொல்லாதிருக்கும் உரிமையும் ஒவ்வொருவருக்கும் இருத்தல் வேண்டும்.

சேர் அருணாசலம் அவர்கள் தல யாத்திரை சென்றிருந்தபோது, 1924ஆம் ஆண்டு சனவரி மாதம் 9ஆந் திகதி மதுரையம்பதியிலே சிவபதம் அடைந்தார். கொழும்பிலே பழைய பாராளுமன்றக் கட்டிட வளவில் அவர் சிலையும், பேராதனையிலே அவர் நாமம் தாங்கிய மாணவர் விடுதியும் இன்றும் நிற்கின்றன. அவர் நமக்கு விட்டுச் சென்ற பாடம் அவற்றினும் பெரிது. ஒரு தொகையை எழுதுபவன் அத்தொகைக்குள் இருக்கும் உயிர்களுக்குக் கடன்படுகின்றான். அக்கடனை அவர் தம் ஓய்வுக் காலத்திலே தீர்க்க முயன்றார். நம் சங்கத்து இளைஞர் நாளை இலிகிதராகவும், ஆசிரியராகவும், வைத்தியராகவும் அமர்ந்து படிவங்களை நிரப்பும்போது, ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு முகம் உண்டு என்பதை மறவாதிருப்பாராக. அதுவே இப்பெரியாருக்கு நாம் செய்யத்தக்க வணக்கம்.