ராம்பூர் வாசலில் காத்திருந்தவர்

விஜயதசமியன்று நம் காலனியில் வீட்டுக்கு ஒரு குழந்தையேனும் வீணைக்கு முன்போ வயலினை ஏந்தியோ அமர்கிறது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் தட்சிணையும் வைத்துப் பெற்றோர் வணங்கி நிற்க, ஆசிரியர் சரளி வரிசையைத் தொடங்கி வைக்கிறார். பொங்கல் வருவதற்குள் அவ்வாத்தியங்களிற் பாதி உறைக்குள் புகுந்துவிடுகின்றன. விரல் வலிக்கிறது, ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சலித்துப் போகிறது, பரீட்சையும் வந்து குறுக்கிடுகிறது. இதை எழுதுகிறவன் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு வயலின் உறங்குகிறது என்பதை மறைப்பானேன்? ஆதலால், உபதேசம் செய்யும் தகுதி சிறிதுமின்றி, சலிப்பையும் பசியையும் அவமானத்தையும் அளவின்றி அனுபவித்தும் கருவியைக் கீழே வைக்காத ஒருவருடைய வாழ்க்கையை இம்மலரில் எழுதத் துணிகிறேன். அவர்தாம் உஸ்தாத் அலாவுதீன் கான்.

சென்னையிலிருந்து காசிக்கு ரயிலில் சென்றவர்கள், கட்னிக்கும் ஸத்னாவுக்கும் இடையே மைஹர் என்னும் ஊரைக் கண்டிருப்பார்கள். குன்றின் உச்சியில் சாரதா தேவியின் கோயில் உண்டு. அக்குன்றின் நிழலில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தவர் அவர். பிறந்த மண்ணோ வெகு தொலைவு. இன்றைய வங்காளதேசத்தில் பிராமணபாரியாவை அடுத்த ஷிப்பூர் என்னும் கிராமம். தந்தைக்குச் சித்தாரில் பற்று. அண்ணன் அப்தாபுதீன் பல வாத்தியங்கள் வாசிப்பவர். இளையவருக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. பத்து வயது நிரம்பும் முன்பே வீட்டை விட்டு ஓடிப்போய் ஒரு நாடகக் கூட்டத்தாருடன் சேர்ந்தார். பின்னர்க் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்.

அங்கே உறவினர் எவருமில்லை. அன்ன சத்திரத்திலே சோறு. உறங்கக் கிடைத்த இடமே வீடு. அந்நிலையில் நூலோ கோபால் என்னும் பெரும் பாடகரின் கருணை கிட்டியது. ஆனால் குரு ஒரு நிபந்தனை விதித்தார். பன்னிரண்டு ஆண்டுகள் ஸ்வர சாதகம் மட்டுமே செய்யவேண்டும். அதன் பிறகுதான் பாட்டு. நம் குழந்தைகள் சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் ஓர் ஆண்டு பயிலவே முகம் சுளிக்கின்றனர். அச்சிறுவரோ ஏழாண்டுகள் ஸ்வரங்களை மட்டுமே சாதகம் செய்தார். ஏழாம் ஆண்டின் முடிவில் பிளேக் நோய் வந்து குருவைக் கொண்டுபோயிற்று. ஒரு முழுப் பாட்டும் கைக்கு வராத நிலையில் மாணவர் தெருவில் நின்றார்.

இந்த இடத்தில் நம்மிற் பலர் கடையைக் கட்டியிருப்போம். அவரும் மனம் உடைந்தவராய், குருவுக்குப் பின் வேறொருவரிடம் வாய்ப்பாட்டுக் கற்பதில்லை என்று உறுதி பூண்டார். ஆயினும் சங்கீதத்தை விடவில்லை. வழியை மட்டுமே மாற்றிக்கொண்டார். சுவாமி விவேகானந்தரின் நெருங்கிய உறவினரான ஹாபு தத்தர் என்பவரிடம் வாத்தியங்கள் பயின்றார். கோவாவைச் சேர்ந்த பாண்டு மாஸ்டர் ஒருவரிடம் மேனாட்டு முறையில் வயலின், மற்றொருவரிடம் ஷெனாய், வேறொருவரிடம் மிருதங்கம். வயிற்றுப்பாட்டுக்கு நாடகக் கொட்டகையின் வாத்தியக் குழுவில் வேலை. ஏழாண்டு ஸ்வர சாதகம் வீண்போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எந்தக் கருவியைத் தொட்டாலும் காது முன்னே சென்று கைக்கு வழிகாட்டிற்று.

வெற்றி வந்தால் கர்வமும் உடன் வருமன்றோ? தமக்குத் தெரியாத வாத்தியம் இல்லை என்ற எண்ணத்துடன் அவ்விளைஞர் முக்தாகாச்சா ஜமீன்தாரின் சபைக்குப் போனார். அங்கே அகமது அலி கான் சரோத் வாசித்துக்கொண்டிருந்தார். சரோத் என்பது தோல் போர்த்திய குடமும் பளபளக்கும் உலோகப் பலகையும் கொண்ட கருவி. வீணையில் உள்ளது போன்ற மெட்டுக்கள் அதில் இல்லை. நகத்தின் விளிம்பால் தந்தியை அழுத்தி ஸ்வரத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். இம்மி பிசகினாலும் அபஸ்வரம். அந்த நாதத்தைக் கேட்டதும் இளைஞருடைய கர்வமெல்லாம் கரைந்து கண்ணீராயிற்று. அங்கேயே அவ்வித்துவானின் காலில் விழுந்து, சீடராகச் சேர்ந்து, சமையல் முதலிய சகல பணிவிடைகளும் செய்தார். நிறைவைக் காட்டிலும் வியப்பே ஒருவனை நெடுந்தூரம் நடத்திச் செல்லும் என்பது என் எண்ணம். இவர் வரலாற்றில் ஒவ்வொரு திருப்பத்திலும் அதனைக் காண்கிறேன்.

அடுத்த திருப்பம் ராம்பூர். தான்சேனின் வழித்தோன்றலான வஜீர் கான், நவாப் ஹமீத் அலி கானின் ஆஸ்தானத்தில் தலைமை வித்துவானாக விளங்கினார். கிழிந்த உடை அணிந்த ஒரு வங்காளி வாலிபனை அம்மாளிகையின் வாயிற்காவலர் உள்ளே விடுவார்களா? நாள்தோறும் போவதும் துரத்தப்படுவதுமாகவே காலம் கழிந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளவும் அவர் துணிந்தார் என்றும், மசூதியிலிருந்த பெரியவர் ஒருவர் அதையறிந்து தடுத்தார் என்றும் அவர் வரலாறு கூறுவோர் சொல்வர். இறுதியில் ஒருநாள் நவாபின் வண்டிக்கு முன்னே பாய்ந்து விழுந்தார். நவாப் விசாரித்தார், வாசிக்கச் சொல்லிக் கேட்டார், தாமே வஜீர் கானிடம் பரிந்துரைத்தார். முறைப்படி கையில் நூல் கட்டிச் சீடராக்கும் சடங்கும் நிறைவேறிற்று.

இனிக் கவலையில்லை என்றுதானே நினைப்போம்? சடங்கு முடிந்ததேயன்றிப் பாடம் தொடங்கவில்லை. இரண்டாண்டுகளுக்கு மேலாகக் குரு அவரை ஏறிட்டும் பாராதிருந்தார். சீடரோ தினமும் சென்று வாசலில் காத்திருப்பார். எஞ்சிய வேளையில் ராம்பூரின் மற்ற வித்துவான்களிடம் கிடைத்ததைச் சேகரிப்பார். அவருடைய பொறுமையைப் பலர் புகழ்வர். எனக்கோ அவர் அக்காலத்தை வெறும் காத்திருத்தலாகக் கழிக்கவில்லை என்பதே பெரிதாகப் படுகிறது. முடிவில், அவர் ஊரில் விட்டுவந்த மனைவியைப் பற்றிய துயரச் செய்தி ஒன்று குருவின் செவிக்கு எட்டி அவர் மனத்தை இளக்கிற்று. தாம் செய்த அலட்சியத்துக்கு வருந்தி, அன்று தொட்டு வஜீர் கான் தம் வித்தையை வழங்கலானார். அம்மனைவியின் பெயர் மதன்மஞ்சரி. பிற்காலத்தில் தாம் படைத்த ராகம் ஒன்றுக்கு அப்பெயரையே சூட்டினார் அலாவுதீன் கான். பட்ட கடனை அவர் மறக்கவில்லை போலும்.

1918-இல் மைஹர் மன்னர் பிரிஜ்நாத் சிங் அவரைக் குருவாக ஏற்று ஆஸ்தான வித்துவானாக்கினார். முஸ்லிமாகப் பிறந்து ஐவேளைத் தொழுகை வழுவாத அவர், சாரதா தேவியிடமும் ஆழ்ந்த பக்தி பூண்டிருந்தார்.

1935-இல் உதயசங்கரின் நாட்டியக் குழுவினருடன் ஐரோப்பா சென்றார். பம்பாய்த் துறைமுகத்தில் உதயசங்கரின் தாயார் தம் கடைசி மகன் ரவிசங்கரின் கையை அவர் கையில் வைத்து ஒப்படைத்தார். அப்பிள்ளை 1938-இல் நாட்டியத்தையும் பாரிஸ் வாழ்வையும் துறந்து, தலையை மழித்துக்கொண்டு மைஹரில் சித்தார் கற்க வந்து சேர்ந்தார். பாபா என்று அனைவரும் அழைத்த அவ்வாசிரியரின் கோபம் பேர்பெற்றது. சொந்த மகன் அலி அக்பரை மரத்தில் கட்டி வைத்து அடித்ததுண்டு. இதனை நான் மெச்சவில்லை. நம் வீடுகளில் யாரும் பின்பற்றவும் வேண்டா. ரவிசங்கரை மட்டும் அவர் தொட்டதில்லை. தாய்க்குக் கொடுத்த வாக்கு அது. ஒருநாள் மணிக்கட்டில் வலுவில்லை என்று சினந்து, வளையல் வாங்கி மாட்டிக்கொள்ளும்படி ஏசிவிட்டார். அந்த ஒரு சொல்லுக்கே இளைஞர் மூட்டை கட்டிவிட்டார். அலி அக்பர் வியந்துபோனார். இவ்வூரில் பாபாவிடம் அடி வாங்காதவர் இவர் ஒருவரே, இதற்கா போவது என்று தடுத்து நிறுத்தினார். பாபாவும் மனம் கனிந்து சமாதானம் செய்தார். மூட்டை அவிழ்க்கப்பட்டது.

மகள் அன்னபூர்ணாவின் கதை வேறு. மூத்த மகளுக்குப் புக்ககத்தில் சங்கீதத்தால் துன்பம் நேர்ந்ததால், இளையவளுக்குக் கற்பிப்பதில்லை என்றிருந்தார் தந்தை. அவர் வெளியே போயிருந்தபோது அண்ணன் தவறாக வாசிக்க, விளையாடிக்கொண்டிருந்த சிறுமி அதைத் திருத்திப் பாடிக்காட்டினாள். திரும்பி வந்த தந்தை பின்னால் நின்று கேட்டார். அன்றே பாடம் தொடங்கிற்று. யாரும் கற்பிக்காமலே அவள் அத்தனையும் கற்றிருந்தாள்.

ஆயினும் அவருடைய மாணாக்கருள் என் மனத்தைக் கவர்பவர்கள் புகழ்பெற்ற இவர்களல்லர். 1918-இல் பரவிய விஷ சுரத்தில் பெற்றோரை இழந்த அநாதைக் குழந்தைகள் பலர் மைஹரில் இருந்தனர். அவர்களைத் திரட்டி ஒரு வாத்தியக் குழு அமைத்தார் பாபா. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் காதால் கேட்டே பாடங்களை மனத்தில் இருத்திக்கொண்டனர். அரண்மனைத் துப்பாக்கிகளின் குழல்களை அளவாக அறுத்து, நீளத்துக்கு ஏற்ப ஸ்வரம் எழும்படி வரிசைப்படுத்தி, நளதரங்கம் என்னும் புதுக் கருவியையும் அவர்களுக்காகச் செய்தார். நம் ஜலதரங்கத்தில் கிண்ணங்களைத் தட்டுவதுபோல் அக்குழல்களைத் தட்டி வாசிக்கவேண்டும்.

1952-இல் சங்கீத நாடக அகாடமியின் விருதும், 1958-இல் பத்ம பூஷணும், 1971-இல் பத்ம விபூஷணும் அவரைத் தேடி வந்தன. 1972 செப்டம்பர் 6-ஆம் நாள் மைஹரில் அவர் காலமானார். அவர் திரட்டிய அநாதைகளின் குழு அவருக்குப் பின்னும் தொடர்ந்து வாசித்தது, துப்பாக்கிக் குழல்களுடன்.