சொல் தேடிய துறவி

மாணவச் செல்வங்களே! உங்கள் வகுப்பில் கிறிஸ்தவ நண்பர் யாராவது இருக்கிறாரா? ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். கோயிலுக்குப் போனேன், பூசை பார்த்தேன் என்று அவர் சொல்லக்கூடும். அவருடைய பாட்டியைக் கேட்டால் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார். பெருமாள் கோயிலுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் போகிறவர்கள் சொல்லும் அதே சொற்கள்! இவை மாதா கோயிலுக்குள் எப்படி வந்தன?

அதற்கு முக்கியக் காரணமானவர் ஓர் இத்தாலியர். பெயர் ராபர்ட் டி நொபிலி. தமிழ் மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தார்கள்.

நொபிலி 1577-ஆம் ஆண்டு இத்தாலியில் உயர்ந்த குடும்பம் ஒன்றில் பிறந்தார். வசதிக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லை. ஆனாலும் அவர் இயேசு சபையில் சேர்ந்து துறவியானார். கப்பலேறி 1605-இல் கோவாவுக்கு வந்தார். பிறகு முத்துக்குளித்துறை எனப்படும் தூத்துக்குடிக் கடற்கரையில் தமிழ் கற்றார். 1606-இல் மதுரைக்கு வந்து சேர்ந்தார். அப்போது மதுரையை நாயக்க மன்னர்கள் ஆண்டு கொண்டிருந்தார்கள்.

அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியத் துறவி பதினொரு ஆண்டுகளாகப் பணி செய்து வந்தார். நல்ல மனிதர். பள்ளிக்கூடமும் மருத்துவமும் நடத்தினார். ஆனால் அவர் சொன்ன சமயத்தை மதுரை மக்கள் யாரும் ஏற்கவில்லை. ஏன் என்று நொபிலி யோசித்தார். ஒரு காரணம், சொல்லில் இருந்தது.

அந்நாளில் போர்த்துகீசியரைத் தமிழர்கள் பறங்கியர் என்றார்கள். பறங்கிப்பேட்டை, பறங்கிமலை என்ற ஊர்ப் பெயர்களில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. பறங்கியர் என்றால் மது அருந்துபவர்கள், மாட்டிறைச்சி உண்பவர்கள், நம் வழக்கங்களை மதிக்காதவர்கள் என்ற எண்ணம் மக்களிடம் இருந்தது. கிறிஸ்தவராகச் சேர வருகிறவரிடம் குருமார்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்டார்கள்! கடவுளைத் தேடி வந்தவர், தன் குலத்தையும் நாட்டையும் விட்டுவிடச் சொல்கிறார்கள் என்று பயந்து ஓடமாட்டாரா?

வழிபாட்டுச் சொற்களிலும் இதே தொல்லை. போர்த்துகீசியர் தங்கள் முக்கிய வழிபாட்டை மிஸ்ஸா என்பார்கள். அது தமிழர் காதில் மீசை போல விழுந்தது! குழந்தைகளே, மீசைக்கு வாருங்கள் என்று உங்களை அழைத்தால் சிரிப்பீர்களா, கும்பிடுவீர்களா?

வேற்றுமொழிச் சொற்கள் தமிழில் வரவே கூடாது என்பதில்லை. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்த்துகீசியர் தந்தவைதான். பொருளைக் கண்ணால் பார்த்தோம், பெயரையும் எடுத்துக்கொண்டோம். ஆனால் கடவுளின் அன்பைக் கண்ணால் பார்க்க முடியாதே! சொல் புரிந்தால்தான் மனம் புரிந்துகொள்ளும்.

நொபிலி தம்மை முழுவதும் மாற்றிக்கொண்டார். காவி உடுத்தினார். பாதக்குறடு அணிந்தார். புலாலை விட்டு, சோறும் காய்கறியும் மட்டும் உண்டார். சிவதருமர் என்ற தெலுங்கு அந்தணரிடம் சமஸ்கிருதம் கற்றார். தெலுங்கும் கற்றார். ஓலையில் எழுத்தாணியால் எழுதப்பட்ட நூல்களைப் படித்தார்.

பிறகு மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களை எடுத்தார். வழிபடும் இடம் கோயில் ஆயிற்று. மிஸ்ஸா, பூசை ஆயிற்று. சமயத் தலைவர் குரு ஆனார். மறைநூல் வேதம் ஆயிற்று. இறைவன் தரும் கொடைக்கு அருள், பிரசாதம் என்ற சொற்களைப் பயன்படுத்தினார். செய்யுள் செல்வாக்காக இருந்த காலத்தில் ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம் போன்ற நூல்களைத் தமிழ் உரைநடையில் எழுதினார்.

இதற்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? அவருடைய சொந்த சபையிலிருந்தே வந்தது! உடன் இருந்த பெர்னாண்டஸே மேலிடத்துக்குப் புகார் எழுதினார். நொபிலி வேறு சமயத்தாரின் உடையையும் சொற்களையும் எடுத்துக்கொண்டு சமயத்தையே கெடுக்கிறார் என்றார்கள். 1619-இல் கோவாவில் விசாரணைக் கூட்டம் நடந்தது. பெரும்பாலோர் அவருக்கு எதிராகவே பேசினார்கள். நொபிலி ஓடவில்லை, கோபப்படவும் இல்லை. தம் பக்கத்து நியாயத்தை ஆதாரங்களுடன் எழுதிக் கொடுத்தார். வழக்கு ரோமாபுரி வரை போனது. 1623-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் போப் பதினைந்தாம் கிரகோரி அவருடைய முறைக்கு அனுமதி அளித்தார்.

அதே ஆண்டில் நொபிலி மதுரையிலிருந்து புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம், சேலம் என்று பயணம் செய்தார். எங்கள் உப்பிலியபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் கொல்லிமலை தெரியும். அந்த மலைக்கு அந்தப் பக்கம்தான் சேந்தமங்கலம். பேருந்து, ரயில் இல்லாத காலம். அந்தத் தூரத்தை நினைத்துப் பாருங்கள்!

அவரிடம் குறையே இல்லையா? உண்டு. சாதி வேறுபாட்டை அவர் எதிர்க்கவில்லை. தம்மிடம் வந்தவர்கள் அதைத் தொடரவும் விட்டார். உயர்ந்த சாதி எனப்பட்டவர்களுக்கு ஒரு வகைக் குருவும், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்ற வேறு வகைக் குருவும் ஏற்பட்டார்கள். சொற்களுக்குள் இருந்த சுவரை இடித்தவர், மனிதர்களுக்கு நடுவே இருந்த சுவரை இடிக்கவில்லை. பெரியவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது இதையும் நாம் மறைக்கக் கூடாது.

1640-இல் மதுரையில் அவர் சிறையில் அடைக்கப்பட்டார். விடுதலையான பின் சில ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். கடைசியாக மயிலாப்பூரில் தங்கினார். கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டது. 1656-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் அங்கேயே காலமானார். ஐம்பது ஆண்டுகள் இந்த மண்ணில் வாழ்ந்தார்.

அவர் கொடுத்த சொற்கள் அப்படியே இருக்கின்றனவா? சில இருக்கின்றன, சில மாறிவிட்டன. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு, கத்தோலிக்கப் பூசை லத்தீன் மொழியில் நடந்தது. அதன் பின் தமிழிலேயே நடக்கத் தொடங்கியது. அப்போது சொற்களும் தமிழாயின. பூசை திருப்பலி ஆயிற்று. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. சுவிசேஷம் நற்செய்தி ஆயிற்று. வேதம் என்று நொபிலி சொன்ன நூல் இன்று திருவிவிலியம். மக்களுக்குப் புரியும் சொல் வேண்டும் என்று அவர் நினைத்தார் அல்லவா? அந்த நினைப்புதான் அவர் தந்த சொற்களையும் மாற்றியது!

செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். கிறிஸ்தவ நண்பரின் தாத்தா, பாட்டி சொல்லும் வழிபாட்டுச் சொற்களை இடப்பக்கம் எழுதுங்கள். நண்பர் சொல்லும் சொற்களை வலப்பக்கம் எழுதுங்கள். நானூறு ஆண்டு வரலாறு உங்கள் நோட்டிலேயே தெரியும். யாருக்காவது எதையாவது விளக்கும்போது, என் சொல் அவருக்குப் புரிகிறதா என்று ஒரு நொடி நினையுங்கள். அந்த நல்ல பழக்கம் வந்துவிட்டால் அதுவே போதும்.