வானைக் கேட்டுப் பஞ்சாங்கம் எழுதியவர்

தொண்டாமுத்தூரில் எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது, மற்றொன்று திருக்கணிதத்தை. 2023ஆம் ஆண்டில் சனி கும்ப ராசிக்குள் நுழையும் நாள் ஒன்றில் ஜனவரி 17 என்றும், மற்றொன்றில் டிசம்பர் 20 என்றும் அச்சாகியிருந்தது. ஒரே சனி, ஒரே வானம், இடையில் பதினொரு மாதம். எள் விளக்கு எந்த நாளில் ஏற்றுவது என்று அம்மா கேட்டபோது என்னிடம் விடை இல்லை. அவர் இரண்டு நாள்களிலும் ஏற்றிவிட்டார்.

இந்தக் குழப்பத்தை ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே தீர்க்க முயன்ற ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற அவர் பெயரை வானியல் படித்தோர் அறிவர். பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர். 1840இல் சென்னை வானாய்வுக் கூடத்தில் சேர்ந்து, டெய்லர், ஜேக்கப், போக்சன் எனத் தலைவர்கள் மாறிக்கொண்டே இருக்க, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றி முதல் உதவியாளராக உயர்ந்தார்.

நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த அந்தக் கூடம் உண்மையில் ஒரு மாபெரும் கடிகாரம் என்றே நான் எண்ணுகிறேன். ஜெர்மனியின் தேவாலயங்களிலும் நகர மன்றங்களிலும் பழைய வானியல் கடிகாரங்கள் உண்டு. ரோஸ்டாக் நகர மரியன்னை தேவாலயத்தில் ஹான்ஸ் டூரிங்கர் 1472இல் அமைத்தது இன்னும் ஓடுகிறது. மணியோடு நிலவின் பிறையும், சூரியன் நிற்கும் ராசியும், ஈஸ்டர் திருநாளின் தேதியும் அதில் தெரியும். நம் வழக்கில் சொன்னால், சுவரில் மாட்டிய ஒரு பஞ்சாங்கம். சென்னையின் கடிகாரமோ ஊரார் கண்ணுக்குத் தெரியாதது. 15 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்றின் மீது தொலைநோக்கி. அருகே ஓர் ஊசல் கடிகாரம். தூண் நாட்டப்பட்ட செய்தியைத் தமிழிலும் அதில் பொறித்திருக்கிறார்கள். அந்தத் தூணை இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் காணலாம்.

ரகுநாதாச்சாரியின் அன்றாட வேலை எளிமையானது, கொடுமையானதும்கூட. உச்சிக்கோட்டை நோக்கி நிறுத்திய தொலைநோக்கியின் பார்வைப் புலத்தில் மெல்லிய இழைகள் குறுக்கே நிற்கும். விண்மீன் ஒவ்வோர் இழையையும் கடக்கும் கணத்தைக் கண் பிடிக்க வேண்டும். அதே வேளையில் காது ஊசலின் தட்டல்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு தட்டல்களுக்கு இடையே எத்தனையாவது பங்கில் விண்மீன் இழையைத் தொட்டது என்று மனம் கணிக்க வேண்டும். விண்மீன் நாள் 23 மணி 56 நிமிடம் 4 நொடி. அதைக் கொண்டு கடிகாரத்தின் பிழையை அறிவர். திருத்தப்பட்ட அந்த நேரமே கோட்டையின் பீரங்கி முழக்கமாக நகருக்குச் சென்றது. பின்னர் மெட்ராஸ் நேரம் என்ற பெயரில் இந்திய ரயில்வேக்களின் நேரமாகவும் ஆனது. இன்றைய இந்திய நேரத்துக்கு அது ஏறத்தாழ 9 நிமிடம் பிந்தியது. நாட்டின் ரயில்கள் ஓடியது, ஒரு வகையில், இரவெல்லாம் தட்டலை எண்ணிய இந்த மனிதரின் காதை நம்பித்தான்.

1867 ஜனவரியில் அவர் ஒரு புதுமையைக் கவனித்தார். தென்வானின் ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒரு விண்மீன் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். சுமார் ஒன்பது மாதங்களுக்கு ஒருமுறை பொலிந்து மங்கும் அந்த மாறொளி விண்மீன் ஐரோப்பிய ஆய்வகங்களின் அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. சென்னையிலிருந்து தெற்கே தாழ்வாகத் தெரியும். நவீன முறையில் ஓர் இந்தியர் செய்த முதல் வானியல் கண்டுபிடிப்பாக இதைக் குறிப்பிடுகிறார்கள். 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்துக்காக, இன்று தெலங்கானாவில் உள்ள வனபர்த்திக்குக் கூடத்தின் சார்பில் சென்றார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

இதற்கு முந்தைய மாதத்தில், 1871 டிசம்பர் 12 அன்று, இன்னொரு முழுக் கிரகணம் எங்கள் பக்கத்திலேயே நிகழ்ந்தது. போக்சன் தம் கருவிகளை அவிநாசிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். அவிநாசித் தேரை அறியாத கொங்கு நாட்டவர் இல்லை. அந்தக் காலையை அறிந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆயினும் ரகுநாதாச்சாரியின் வாழ்வை நான் மதிப்பது கண்டுபிடிப்புக்காக அல்ல. கூடத்தில் இரவில் கண்ட வானமும் வீட்டில் பகலில் கணித்த பஞ்சாங்கமும் ஒத்துப்போகவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அதுதான் காரணம்.

வாக்கிய முறையை இகழ்வதற்கில்லை. சந்திரனின் இயக்கத்தை 248 வாக்கியங்களில் எழுத்தெண்களாகப் பொதிந்து மனப்பாடம் செய்த மரபு அது. ஜான் வாரன் என்ற அதிகாரி 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணியரைச் சந்தித்தார். தரையில் சோழிகளை அடுக்கி, ஏடும் எழுத்தும் இன்றி, அவர் சந்திர கிரகணத்தைக் கணித்தார். பிழை ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியது. பல நூற்றாண்டுப் பழமையுள்ள எண்களைக் கொண்டு அத்தனை நெருக்கம் வியப்பே. ஆனால் நெருக்கம் வேறு, பொருத்தம் வேறு. எந்த அட்டவணையிலும் ஆண்டுக்குக் கடுகளவு பிழை சேர்ந்தால் நூற்றாண்டுகளில் அது மலையாகும்.

ரகுநாதாச்சாரி இதை உணர்ந்து, கண்ணுக்குப் புலப்படும் வானத்தோடு ஒத்துச்செல்லும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிடத் தொடங்கினார். கிரக நிலைகளுக்கு ஆங்கிலேயரின் கடற்பயணப் பஞ்சாங்கத்தைத் துணைகொண்டார். மிலேச்சர் கணக்கில் திதி பார்ப்பதா என்ற முணுமுணுப்பு எழாமல் இருந்திருக்காது. அவர் சாத்திரத்தைத் தூக்கி எறியவில்லை. கண்டு திருத்துவதும் சித்தாந்த மரபே என்ற நிலையில் நின்றார். 1874 டிசம்பரில் சூரியனை வெள்ளி கடக்கவிருந்தபோது, அதை விளக்கும் சிறு நூலை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் எழுதினார். பண்டிதரும் சாமானியரும் படிக்கும்படி அதை உரையாடலாக அமைத்தார். தொலைநோக்கி ஆங்கிலேயரின் சொத்தல்ல, நம் கணியர்களும் கையாள வேண்டியது என்பதே அதன் உள்ளோட்டம். ஜோதிட சிந்தாமணி என்ற பெருநூல் ஒன்றை எழுதும் திட்டமும் அவரிடம் இருந்தது.

1880 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவரும் துணைவர்களும் அளந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் பட்டியல் முழுமையாக அச்சேறியபோது அவரும் இல்லை, 1891இல் இறந்த போக்சனும் இல்லை. கூடத்தின் வானியல் பணியே 1899இல் கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது. சென்னைக் கூடத்தின் பழைய ஊசல் கடிகாரம் ஒன்றை இன்றும் அங்கே பேணிவருகிறார்கள்.

ரோஸ்டாக் கடிகாரத்தில் ஒரு செய்தி என்னை விடவில்லை. அதன் நாட்காட்டித் தட்டு 133 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். பழைய தட்டு 2017இல் முடிந்தது. ஐந்து நூற்றாண்டுப் பழமை என்பதற்காக முடிந்த தட்டையே சுற்றவிடவில்லை. 2150 வரை செல்லும் புதிய தட்டைப் பொருத்தினார்கள். கடிகாரம் அதே கடிகாரம்தான், பக்தியும் குறையவில்லை. ரகுநாதாச்சாரி கேட்டதும் இவ்வளவே: தட்டை மாற்றுங்கள். நம் கோயில்களிலும் வீடுகளிலும் பாதிப் பேர் மாற்றினோம். மீதிப் பேர் மாற்றவில்லை. கிரகண நேரத்தை மட்டும் திருக்கணித முறையில் வாங்கிக்கொண்டு மற்றவற்றை வாக்கியத்தில் வைத்துக்கொள்வோரும் உண்டு. கிரகணத்தில் பிழை வந்தால் ஊரே பார்த்துவிடும்; சனி எந்த ராசியில் நிற்கிறது என்பதை இரவில் நிமிர்ந்து பார்ப்போர் குறைவு.

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி அளவில் எங்கள் வானில் சூரியன் நெருப்பு வளையமாகியது. குறித்த நிமிடத்தில் நிகழ்ந்தது. பாக்குத் தோப்பின் இலைகளுக்கு இடையே ஒழுகிய வெயில் தரையெங்கும் சிறு சிறு வளையங்களாக விழுந்து கிடந்தது. அம்மா வீட்டுக்குள்ளேயே இருந்தார். நான் எவ்வளவு அழைத்தும் வெளியே வரவில்லை.

அதன்பின் வந்த ஒரு ஜனவரியில், அவருடைய விண்மீனைத் தேடி மொட்டை மாடியில் நின்றேன். பொலிவின் உச்சத்தில் இருக்கும்போது இருகண் நோக்கியில் தெரியும் என்று கேள்வி. இங்கிருந்து தெற்கு அடிவானத்துக்கு மேலே சுமார் 16 பாகைதான் உயரும். அந்தத் திசையில் பக்கத்துத் தென்னைகள் நின்றன. அடுத்த சுற்றுக்கு எந்த மாதம் என்று குறித்து வைத்திருக்கிறேன், இரண்டு நாட்காட்டிகளிலும்.