கரும்புத் தோட்டத்திலிருந்து உலகச் சந்தைக்கு: சேர் சிவசாகர் ராம்கூலம்

பிரித்தானியப் பொருளியலறிஞர் ஜேம்ஸ் மீட் தலைமையிலான குழுவினர் 1961 ஆம் ஆண்டில் மொரீசியஸ் தீவின் எதிர்காலம் குறித்து ஓர் அறிக்கையை வெளியிட்டனர். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற மீட், அத்தீவைப் பொறுத்தவரை நம்பிக்கை கொள்வதற்கான காரணங்கள் அதிகமிருப்பதாகக் கருதவில்லை. பயிரிடப்பட்ட நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் கரும்பாகவே இருந்தது. ஏற்றுமதி வருமானம் முழுவதும் சீனியிலேயே தங்கியிருந்தது என்று கூறினாலும் மிகையாகாது. மலேரியா ஒழிக்கப்பட்டதையடுத்துச் சனத்தொகை வேகமாகப் பெருகிக் கொண்டிருந்தது. இந்துக்கள், தமிழர், முஸ்லிம்கள், கிறியோல் மக்கள், சீனர், பிரெஞ்சு வம்சாவளியினர் என்று பல சமூகங்கள் ஒன்றையொன்று ஐயத்துடன் நோக்கியவாறு வாழ்ந்து வந்தன.

அதே ஆண்டில் அத்தீவின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றவர் 61 வயது மருத்துவரான சிவசாகர் ராம்கூலம். இந்து சமுத்திரத்தின் மூலையிலுள்ள, எமது நாட்டின் முப்பதில் ஒரு பங்கு நிலப்பரப்பையே கொண்ட ஒரு தீவை உலக வர்த்தக ஒழுங்கினுள் அழைத்துச் சென்றவர் என்ற வகையில் அவரது வாழ்க்கை எம்மவர்க்கும் பயன்தரும் பாடமாகும்.

ராம்கூலம் 1900 செப்டெம்பர் 18 ஆம் திகதி பெல் ரிவ் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை மோஹித், பிஹாரிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். இந்தியாவிலிருந்து அவ்வாறு கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேராவர். மலையகத் தோட்டங்களுக்கு எமது மக்கள் வந்த கதையும் அந்த நீண்ட வரலாற்றின் மற்றொரு கிளைதான். இளம் வயதிலேயே தந்தையை இழந்த ராம்கூலம், சிறுவனாக இருந்தபோது நேர்ந்த ஒரு விபத்தில் இடது கண்ணின் பார்வையையும் இழந்தார். ஆயினும் கல்வியைக் கைவிடவில்லை. 1921 இல் லண்டன் சென்று மருத்துவம் கற்ற அவர், 1935 இல் மருத்துவராக நாடு திரும்பினார்.

அவர் திரும்பிய வேளையில் தீவு கொதித்துக் கொண்டிருந்தது. சிறு விவசாயிகள் பயிரிட்ட கரும்பு வகைக்கான விலையை ஆலைகள் குறைத்ததால் 1937 இல் கலவரம் மூண்டு தொழிலாளர் உயிர்கள் பலியாகின. 1943 இல் பெல் வியூ ஹரெல் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டோரில் அஞ்சலை குப்பன் என்ற தமிழ்க் கர்ப்பிணிப் பெண்ணும் ஒருவர். தொலைவிலுள்ள சந்தையில் தீர்மானிக்கப்படும் சீனியின் விலை, தோட்டத்து லயத்தில் வாழ்வோரின் உயிரையே பறிக்கக்கூடியது என்ற உண்மையை அக்காலம் அவருக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

1940 இல் சட்டசபை உறுப்பினரான ராம்கூலம், தொழிற்கட்சியின் தலைமைக்கு வருவதற்கு முன்னரே வாக்குரிமைக்கான கோரிக்கையை முன்னெடுத்தார். 1948 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தீவில் வழங்கும் ஏதேனுமொரு மொழியில் எழுத வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு வாக்குரிமை அளித்தது. சுமார் 12 ஆயிரமாக இருந்த வாக்காளர் தொகை 70 ஆயிரத்தைத் தாண்டியது. மொரீசியஸில் கூலித் தொழிலாளரின் பிள்ளைகள் வாக்குரிமை பெற்ற அதே 1948 இல்தான் இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேற்றப்பட்டு மலையகத் தமிழர் நாடற்றவராக்கப்பட்டனர். இரு தீவுகளும் பிரிந்து சென்ற பாதைகளை விளங்கிக்கொள்ள இந்த ஓர் ஒப்பீடே போதுமானது.

சுதந்திரத்துக்கான பாதை இலகுவானதாக அமையவில்லை. 1967 ஓகஸ்ட் தேர்தலில் ராம்கூலம் தலைமையிலான அணி வெற்றி பெற்ற போதிலும், வாக்காளரில் ஏறத்தாழ 44 சதவீதத்தினர் சுதந்திரத்தை எதிர்த்த கட்சிக்கே வாக்களித்தனர். இந்து பெரும்பான்மையின் ஆதிக்கம் குறித்து அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தை ராம்கூலம் அலட்சியம் செய்யவில்லை. முஸ்லிம்களின் தலைவர் அப்துல் ரசாக் முஹம்மத் அவரது அணியில் முக்கிய பங்காளியாக இருந்தார். தேர்தலில் உரிய பிரதிநிதித்துவம் கிடைக்காத சமூகங்களுக்கென எட்டு மேலதிக ஆசனங்களை ஒதுக்கும் முறை அரசியலமைப்பில் இடம்பெற்றது. அவ்வாறிருந்தும் 1968 ஜனவரியில் போர்ட் லூயிஸ் நகரில் முஸ்லிம்களுக்கும் கிறியோல் மக்களுக்குமிடையே கலவரம் வெடித்துப் பலர் மாண்டனர். பிரித்தானியப் படையினர் வரவழைக்கப்பட்டே அமைதி ஏற்படுத்தப்பட்டது. அந்த இரத்தக்கறை காய்வதற்குள் 1968 மார்ச் 12 ஆம் திகதி சுதந்திரம் வந்தது.

பிரதமரான ராம்கூலம் 1969 இல் எடுத்த முடிவு அவரது ஆதரவாளர்களையே வியப்பில் ஆழ்த்தியது. சுதந்திரத்தைக் கடுமையாக எதிர்த்த கட்டன் டுவாலின் கட்சியைக் கூட்டரசாங்கத்தில் சேர்த்து, டுவாலையே வெளிவிவகார அமைச்சராக்கினார். ஐரோப்பாவில் புதிய நட்புகளைத் தேடும் பணி நேற்றைய எதிராளியின் கைக்குச் சென்றது. நிதியமைச்சுப் பொறுப்பு தமிழ் வம்சாவளியினரான வீராசாமி ரிங்காடுவிடம் இருந்தது. பிரெஞ்சு வம்சாவளியினருக்குச் சொந்தமான பெருந்தோட்டங்களை அவர் அரசுடைமையாக்கவில்லை. மாறாக, ஏற்றுமதியாகும் சீனி மீது வரி விதித்து, அந்த வருவாயைக் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் செலவிட்டார்.

1970 ஆம் ஆண்டு இரு கதவுகள் திறக்கப்பட்டன. அவ்வாண்டு செப்டெம்பரில் மொரீசியஸ் காட் எனப்படும் வர்த்தக உடன்படிக்கையில் உறுப்புரிமை பெற்றது. அதே ஆண்டில் ஏற்றுமதி வலயச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. பேராசிரியர் எட்வர்ட் லிம் ஃபாட் வலியுறுத்திய இத்திட்டத்தின்படி, ஏற்றுமதிக்கென உற்பத்தி செய்யும் தொழிற்சாலைகளுக்கு இறக்குமதித் தீர்வையிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்களிக்கப்பட்டது. வேலி அடைத்த ஒரே வலயத்தினுள் அவை ஒடுக்கப்படவில்லை. கிராமங்களுக்கே தொழிற்சாலைகள் சென்றன. கரும்பு வெட்டியவர்களின் மகள்மார் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்தனர்.

பிரித்தானியா 1973 இல் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் இணைந்தபோது, பொதுநலவாய நாடுகளின் சீனிக்கு இருந்து வந்த பழைய உத்தரவாதம் முடிவுக்கு வரும் நிலை தோன்றியது. அதற்கு முன்னரே, 1972 இல் யாவுண்டே உடன்படிக்கையில் சேர்ந்து மொரீசியஸ் ஐரோப்பியச் சந்தையில் கால் பதித்திருந்தது. 1975 இல் லோமே உடன்படிக்கைக்கான பேச்சுக்கள் நிறைவடைந்த வேளையில் உலகச் சந்தையில் சீனியின் விலை உச்சத்தில் இருந்தது. குறைந்த அளவு சீனிக்கு மட்டும் ஐரோப்பாவுடன் உடன்பட்டு, எஞ்சியதை உயர்ந்த விலைக்கு விற்பதே இலாபகரமானதென வேறு சில நாடுகள் எண்ணின. ராம்கூலத்தின் அரசாங்கம் எதிர்த்திசையில் சிந்தித்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சத்து 87 ஆயிரம் தொன் என்ற, உறுப்பு நாடுகள் அனைத்திலும் மிகப் பெரிய ஒதுக்கீட்டை அது பெற்றுக்கொண்டது. விரைவிலேயே உலக விலை சரிந்தது. உத்தரவாத விலையோ நீடித்தது. அதனால் கிடைத்த மேலதிக வருமானம் பல ஆண்டுகளாக அத்தீவைத் தாங்கி நின்றது.

ஆனால் இக்கதையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1965 இல் லண்டன் பேச்சுக்களின்போது, சாகோஸ் தீவுகளை அமெரிக்காவின் இராணுவத் தேவைக்காகப் பிரித்தெடுக்க பிரித்தானியா விரும்பியது. மொரீசியஸ் தலைவர்கள் அதற்கு ஈடாக அமெரிக்கச் சந்தையில் சீனிக்கான ஒதுக்கீடு உள்ளிட்ட வர்த்தகச் சலுகைகளைக் கேட்டனர். இறுதியில் கிடைத்தது 30 இலட்சம் பவுண் இழப்பீடு மட்டுமே. தீவுகள் பறிபோயின. அங்கு வாழ்ந்த மக்கள் 1973 ஆம் ஆண்டுக்குள் முற்றாக வெளியேற்றப்பட்டனர். நெருக்கடியின் மத்தியில் பெறப்பட்ட அச்சம்மதம் ராம்கூலத்தின் வாழ்வில் அழியாத கறையாகவே உள்ளது. அந்தப் பிரிப்பு சட்டத்துக்கு முரணானதென சர்வதேச நீதிமன்றம் 2019 இல் ஆலோசனைக் கருத்து வழங்கியபோது அவர் மறைந்து 33 ஆண்டுகள் கடந்திருந்தன.

உள்நாட்டிலும் அவர் குற்றமற்றவராக இருக்கவில்லை. துறைமுகத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை அடுத்து 1971 டிசம்பரில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. எதிர்க்கட்சியினர் சிறையிலிடப்பட்டனர். தேர்தல் 1976 வரை ஒத்திவைக்கப்பட்டது. ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் பணியாற்றிய பெண்களுக்கு ஊதியமும் தொழிற்சட்டப் பாதுகாப்பும் ஏனையோரிலும் குறைவாகவே இருந்தன. உலகச் சந்தையில் தீவு வென்ற இடத்துக்கான விலையின் பெரும்பகுதியை அப்பெண்களே செலுத்தினர்.

1977 இல் இடைநிலைக் கல்வி இலவசமாக்கப்பட்டது. அரிசிக்கும் மாவுக்கும் மானியம் தொடர்ந்தது. ஆயினும் சீனியின் செழிப்புக் காலம் ஓய்ந்து, எண்ணெய் விலை ஏறியபோது திறைசேரி தள்ளாடியது. சர்வதேச நாணய நிதியத்தின் உதவியை நாட வேண்டியேற்பட்டது. 1979 இலும் 1981 இலும் ரூபாவின் பெறுமதி குறைக்கப்பட்டது. மக்கள் 1982 தேர்தலில் தீர்ப்பளித்தனர். பிரதான தீவின் 60 ஆசனங்களையும் எதிரணி கைப்பற்றியது. ராம்கூலம் தமது சொந்த ஆசனத்தையும் இழந்தார். அந்தத் தோல்வியை அவர் அமைதியாக ஏற்று ஆட்சியை ஒப்படைத்தார். மறு ஆண்டின் இறுதியில் மகாதேசாதிபதியாக நியமிக்கப்பட்ட அவர், 1985 டிசம்பர் 15 ஆம் திகதி காலமானார். ஏற்றுமதி வலயம் பெருவளர்ச்சி கண்டது அவரது ஆட்சி முடிந்த பின்னர்தான்.

காட் உடன்படிக்கையின் ஆரம்ப உறுப்பினர்களுள் இலங்கையும் ஒன்று. 1948 இலேயே நாம் அந்த மண்டபத்தில் ஆசனம் பெற்றோம். மொரீசியஸோ 22 ஆண்டுகள் பிந்தி வந்தது. கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது 1978 இல். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1983 ஜூலையில், தமிழரின் கடைகளும் தொழிற்சாலைகளும் கொழும்பு வீதிகளில் எரிந்தன. முதலீட்டாளரை வரவேற்கக் கதவைத் திறந்த நாடு, தன் வீட்டிலுள்ளோரையே வெளியே துரத்தியது. ஐரோப்பாவின் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை 2010 இல் எம்மிடமிருந்து விலக்கப்பட்டு 2017 இல் மீளக் கிடைத்த அனுபவமும், உள்நாட்டு நீதியும் வெளிநாட்டு வர்த்தகமும் வெவ்வேறானவை என்ற எண்ணம் தவறென்பதைக் காட்டியது.

சலுகைகள் எவையும் நிரந்தரமானவையல்ல. ஆடை ஏற்றுமதிக்கான உலக ஒதுக்கீட்டு முறை 2005 இல் முடிவடைந்தது. லோமேயில் பெற்ற சீனி உத்தரவாதமும் 2009 இல் இல்லாதொழிந்தது. ஆயினும், அச்சலுகைகள் நீடித்த காலத்தில் கல்வி பெற்ற தலைமுறையொன்று அதற்குள் உருவாகிவிட்டிருந்ததால் தீவு வீழ்ந்துவிடவில்லை.

மொரீசியஸின் நாணயத்தாள்களில் தமிழ் எழுத்துக்கள் உள்ளன. இரண்டாயிரம் ரூபா தாளில் ராம்கூலத்தின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. நூறு ரூபா தாளில் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழரும், இருநூறு ரூபா தாளில் அப்துல் ரசாக் முஹம்மதும், ஆயிரம் ரூபா தாளில் சுதந்திரத்தை எதிர்த்த டுவாலும் இடம்பெற்றுள்ளனர். உலகத்தோடு வாணிபம் செய்யப் புறப்பட்ட ஒரு சிறிய தீவு, தன் மக்கள் எவரையும் கணக்கிலிருந்து விட்டுவிடவில்லை என்பதற்கு அத்தாள்களே சான்று.